இருபதும் சரி

வாசலில் கேஸ் சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். மேசையில் எல்லாத் தோட்டாக்களும் செய்து முடிக்கப்பட்டிருந்தன.

மரப்பலகையில் இருபது குழிகள். இருபதிலும் நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் கூடுகள். ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் ஈயக் குண்டு.

நின்றபடியே பார்த்தார்.

எழுந்து போகும்போது இப்படியா இருந்தது?

அவருடைய வழக்கம் எளிமையானது. காலிக் கூடு கவிழ்ந்து நிற்க வேண்டும். வெடிமருந்து போடுவதற்கு மட்டுமே அதை நிமிர்த்த வேண்டும். போட்ட கையோடு குண்டை வைத்து அழுத்திவிட வேண்டும். முப்பது வருடமாக இதில் பிசகு வந்ததில்லை. நில அளவைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அவர் போட்ட கோட்டை அழித்துப் போட எந்த அதிகாரிக்கும் கொடுத்து வைக்கவில்லை. அந்தத் திமிர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

எத்தனை கூடுகள் கவிழ்ந்து நின்றன?

பாதி என்று தோன்றியது. பாதி என்றால் மீதியை யார் முடித்தது? வீட்டில் அவரும் மகள் பியூலாவும்தான். அவள் இந்த மேசையைத் தூசு தட்டக்கூடத் தொட மாட்டாள்.

துப்பாக்கி அவருடைய அப்பா விட்டுப்போனது. குழல் சிறியது, ஒரு பென்சில் நுழைந்தால் அதிகம். அதற்கான தோட்டாவை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. லைசென்ஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, அவரே செய்தால்தான் உண்டு.

நாளைக் காலை ரைபிள் கிளப்பில் பழைய துப்பாக்கிகளுக்கான போட்டி. சுடப்போவது பியூலா.

கன்னத்தைக் கட்டையில் சாய்த்துத்தான் குறிபார்ப்பாள். அப்போது மருந்து வெடிக்கும் இடத்துக்கும் அவள் கண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது.

மருந்தே இல்லாத தோட்டாவென்றால் குண்டு குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அடுத்ததைச் சுட்டால் ஆபத்து. ஒன்றில் இரண்டு தடவை போட்டிருந்தால் அடுத்ததுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது அளவும் கூட்டுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். அதுதான் சனியன்.

ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். ஏதோ கேட்டது. எல்லாவற்றிலும் ஏதோ கேட்டது.

தராசில் வைத்தார். கையால் வார்த்த குண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. குண்டுக்குக் குண்டு இருந்த வித்தியாசத்தில் மருந்தின் எடை காணாமலே போனது.

குண்டுகளின் மூக்கு வேறு லேசாகச் சப்பியிருந்தது. டயர் கடைக்காரன் கொடுத்த ஈயம், சக்கரங்களிலிருந்து கழற்றியது. பழகிய மனிதனென்று நம்பி வாங்கினால் குப்பையைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனை வாய்விட்டே திட்டினார். திட்டியதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

எல்லாவற்றையும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பிரிக்கும் சுத்தியலை எடுத்தார். அதன் தலை உள்ளீடற்றது. தோட்டாவை அதற்குள் பொருத்தி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று உள்ளே விழும். கூடவே மருந்தும் கொட்டும்.

முதலாவதன் மருந்தைத் தராசில் இட்டார். சரி.

இரண்டு. சரி.

ஏழாவதில் கொஞ்சம் மேசையில் சிந்தியது. அட்டைத் துண்டால் கூட்டி அள்ளி மறுபடி வைத்தார். சரி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். இருபதும் சரி. கூடவுமில்லை, குறையவுமில்லை.

நிம்மதி வருமென்று காத்திருந்தார். வரவில்லை.

இவ்வளவு சுத்தமாகச் செய்தது தன் கைதான் என்றால், அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம்?

குறிப்பேட்டைத் திறந்தார். வார்த்தாலும் பிரித்தாலும் அதில் எழுதாமல் விடமாட்டார். இன்றைய தேதி ஏற்கனவே இருந்தது.

'சந்தேகம். இருபதும் பிரித்தேன். இருபதும் சரி. காலை 8.10.'

அவருடைய எழுத்துதான். கோடு போட்டதுபோல் நிமிர்ந்த எழுத்து.

அதன் கீழே இன்னொரு வரி.

'சந்தேகம். இருபதும் பிரித்தேன். இருபதும் சரி. காலை 10.25.'

ஒரு குண்டை எடுத்து அதன் சப்பிய மூக்கைத் தடவினார். டயர் கடைக்காரன்மேல் தப்பில்லை; சுத்தியலுக்குள் மோதி மோதிச் சப்பியது.

மூன்றாவது வரியை எழுதவில்லை. கூடுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தார். குறிப்பேட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா, போட்டி தள்ளிப்போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்தார். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பியூலாவைக் கூப்பிட்டார்.

சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கூடுகளைப் பார்த்தாள். சுத்தியலைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கும்.

குறிப்பேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டே வரிகள். அவள் நிமிர நேரமாயிற்று.

நாளைக்கு நீ சுட வேண்டாம் என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போடுங்கப்பா. நான் எண்ணறேன்."

முதல் கூட்டை நிமிர்த்தினார். மருந்தைக் கரண்டியில் அளந்து போட்டார்.

"ஒண்ணு," என்றாள்.

கரண்டி கூட்டின் மேலேயே நின்றது. போட்டாயிற்றா என்று அவர் மகளின் முகத்தைப் பார்த்தார்.