பின்பக்கம் பூசாத மீன்

"பின்பக்கம் பூசவே இல்ல. இப்படியொரு சாமான் என் பட்டறையில இருந்து வெளிய போவாது சார்" என்றாள் டெபோரா.

அவள் உள்ளங்கையில் ஒரு பதக்கம் கிடந்தது. செம்புத் தகட்டின்மேல் சிவப்பு எனாமலில் இரட்டை மீன், பழைய பாண்டியர் காசில் இருப்பதுபோல. தச்சநல்லூரில் அவள் செய்து விற்கிற அதே வடிவம்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. இந்த மாடல் உங்க ஒருத்தர்கிட்டதான் உண்டுன்னாங்க" என்றார் எஸ்.ஐ.

டெபோரா பொறுமையாக விளக்கினாள். எனாமல் என்பது கண்ணாடிப் பொடிதான். தகட்டில் பூசி உலையில் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது செம்பு சுருங்குகிற அளவுக்குக் கண்ணாடி சுருங்காது. அதனால் பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்து இரண்டு பக்க இழுப்பையும் சமன்செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தகடு வளையும், முன்பக்கம் வெடித்து உதிரும்.

"இந்தா, வால்கிட்ட விரிசல் விட்டிருக்கு பாருங்க."

"ஆத்துத் தண்ணியில கெடந்ததாலயா இருக்கும்?"

"கண்ணாடியத் தண்ணி என்ன சார் செய்யும்? இது உலையை விட்டு எடுத்தன்னைக்கே விட்ட விரிசல்."

அவர்கள் நின்றது பிணவறை வாசல். சீவலப்பேரிப் பக்கம் கரையொதுங்கிய ஒருவனின் சட்டைப்பையில் அந்தப் பதக்கம் இருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. டெபோராவின் கணவன் எஸ்றாவைப் போன வாரத்திலிருந்து காணோம்.

கூட வந்திருந்த அவள் அண்ணன் ஜெய்சனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "மாப்ள பையில இருந்தா அது இவ செஞ்ச சாமானாத்தான் சார் இருக்கும். இது எவனோ பாத்து அடிச்ச காப்பி."

"உங்க மாப்பிள்ளைக்கு இந்த வேலை தெரியுமா?"

"அவரா? விக்கத்தான் தெரியும்." ஜெய்சன் சிரித்தேவிட்டான். "கிறிஸ்மஸுக்கு இவளுக்கு ஒரு கம்மல் செஞ்சு குடுத்தாரு. கோயில்ல முழங்கால் போட்டு எந்திரிக்கதுக்குள்ள பச்சை எனாமல் பூரா உதிந்து இவ தோள்ல கெடக்கு! அன்னையிலேர்ந்து உலைப்பக்கம் போனா விரட்டிருவா. நாளைக்குக் கல்யாண நாளு, எங்கன இருந்தாலும் வந்துருவாரு."

"அப்ப நீங்க உள்ள வந்து பாடியப் பாக்க வேண்டாம்மா. வீட்டுக்குப் போங்க." எஸ்.ஐ. பதக்கத்துக்காகக் கையை நீட்டினார்.

டெபோரா கொடுக்கவில்லை. அவள் கட்டைவிரல் பதக்கத்தின் பின்பக்கத்து வெறும் செம்பை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தது.

"வாட்டி, போவோம். அதான் நீ செய்யலன்னு சொல்லிட்டியே" என்றான் ஜெய்சன்.

"நான் செய்யலன்னுதான் சொன்னேன்ணே. அவிய செய்யலன்னு சொல்லலியே."