வலது கால்

கர்ரா பந்தயத் திடலை அடுத்த லாயத்தின் தகரக் கூரையில் மதிய மழை விடாமல் பெய்கிறது. மயக்க ஊசி போடப்பட்ட பந்தயக் குதிரை நெல்லி, தன் கனத்த தலையைப் பராமரிப்பாளர் ஃபின்டனின் தோளில் சாய்த்துக் கண் சொருகி நிற்கிறாள். பந்தயத்தில் கிழிந்த அவளது இடது முன்னங்கால் தசைநாரில், அவள் எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்து வளர்த்த செல்களைக் குளிர்காலத்தில் செலுத்தினார்கள். அன்றிலிருந்து தினமும் அவளைப் பிடித்து மெல்ல நடத்தியவர் ஃபின்டன்தான். டாக்டர் கிரானியா மண்டியிட்டு, பசை தடவிய அந்தக் காலில் ஸ்கேன் கருவியை நகர்த்துகிறாள். திரையில் முன்பு கறுப்பாய்த் தெரிந்த ஓட்டையைச் சாம்பல் நிற இழைகள் மூடியிருக்கின்றன. "பாருங்க ஃபின்டன், எவ்வளவு அழகா கூடிருச்சு!" "ஊசி குத்துனது நீங்க. நடந்து தேஞ்சது என் முட்டி," என்கிறார் அவர். அவள் சிரித்துக்கொண்டே, எதற்கும் இருக்கட்டுமென்று வலது காலிலும் கருவியை வைக்கிறாள். சிரிப்பு நின்றுவிடுகிறது. இத்தனை மாதம் உடம்பின் பாரத்தைத் தாங்கிய அந்தக் காலின் தசைநாருக்குள் புதிதாக ஒரு கறுப்பு ஓட்டை. "திரும்பவும் முதல்லேருந்தா, டாக்டர்?" கிரானியா குதிரையின் காலிலிருக்கும் பசையைத் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைக்கிறாள். "ஓனர் இன்னொரு தடவை பொறுக்க மாட்டார், ஃபின்டன். இப்பவே போன் பண்ணிடட்டுமா?" "இவ முழிக்கட்டும். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேணாம்." நெல்லியின் தலை சாய்ந்திருக்கும் தோள் மரத்துப்போயிருக்கிறது. அவர் அசையாமல் நிற்கிறார்.