ஒத்தைக் கை மல்லுக்கட்டு

"இரும்புத் தகடு அமுக்குற நூறு டன் பிரஸ் மெஷினோட ஒத்தைக் கையால மல்லுக்கட்டி ஜெயிச்சவன் நான்!"

பெரியவர் சொன்னதும் கை சிகிச்சைப் பிரிவில், கதவிடுக்கில் விரல் நசுங்கியவரும் வெங்காயத்தோடு விரலையும் நறுக்கிக்கொண்டவரும் வலியை மறந்து சிரித்தார்கள்.

"மாமா விடுற ரீலை நம்பாதீங்க" என்றான் கூட வந்த மைத்துனன், வழக்கம்போல.

டாக்டர் பெரியவரின் மொட்டை மணிக்கட்டைப் பார்த்தார். "வாரம் நாலு பேர் இப்படி வர்றாங்க. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்தினாத்தானே பிரஸ் இறங்கும்? அப்புறம் எப்படி?"

"என் கவனக்குறைவுதான் டாக்டர்."

மைத்துனன் குறுக்கிட்டான்.

"இல்ல டாக்டர். வேலை வேகமா முடியட்டும்னு ஒரு பட்டனை நான்தான் கம்பியால கட்டிவெச்சேன். மத்ததை இடது கையால அழுத்தினப்ப என் வலது கை உள்ளேயே இருந்துச்சு. அதை வெளியே தட்டிவிடப் போய்த்தான் மாமா கை..."

ஐந்து விரலும் விரிய வலது கையை நீட்டினான்.

"இதுதான் அவர் ஜெயிச்சது. மாமா சொன்னது நிஜம்."