சங்கத்துக்குப் போன தையல்சிட்டு

கரடியின் தையல்கடையில் வேலை பார்த்த காலத்தில், சிட்டுக்காகத் தையல்சிட்டுகள் சங்கத்துக்குக் கரடியே வருடச் சந்தா கட்டிவிடும். "உன் ஆளுங்களோட நாலு வார்த்தை பேசிட்டு வாம்மா" என்று கூட்டத்துக்கும் வழியனுப்பும்.

கரடிக்கு வயதாகி, கடை கீரியின் கைக்குப் போனது. சிட்டு சந்தாவைப் பற்றிக் கேட்டதும், "அங்க போனா வேற கடைக்காரன் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்று கீரி கையை விரித்துவிட்டது.

பழைய நாட்களின் ஏக்கம் தாங்காமல் சிட்டு கரடியைப் பார்க்கப் போனது.

"ஐயா, நான் போயிடுவேன்னு நீங்க பயப்படலையா?"

"பயந்தேன்தான். ஆனா கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா, மாசம் முழுக்கப் பாடிக்கிட்டே தைப்பியே! இப்பவும் பாடுறியா?"

சிட்டு அந்த வருடச் சந்தாவைத் தன் கூலியிலேயே கட்டிவிட்டுக் கூட்டத்துக்குப் பறந்தது. பாதி வழியிலேயே அதற்குப் பாட்டு வந்துவிட்டது.