கிளை நறுக்கிய சோறு

உலையில் நான்கு சொட்டு நொதி விட்டால் போதும், அரிசி மாவுச்சத்தின் கிளைகள் அறுபட்டுவிடும். எவ்வளவு தின்றாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது. இதைத் தெரு முழுக்கப் பரப்பிய மரகதவல்லி, அதோடு விட்டாளா? புகார் எழுதியே சந்திராபாயின் ஜிலேபிக் கடைக்கு அதிகாரிகளைப் பூட்டுப் போட வைத்தாள்.

ஒரு நாள் மரகதவல்லியின் கணவர் தணிகாசலம், வழக்கமான இன்சுலினுக்குப் பின் சர்க்கரை இறங்கிச் சாய்ந்தார். ஊட்டிய சோறு பலிக்கவில்லை. சீனி கேட்டு வீடு வீடாக ஓடினாள்.

"நீங்க சொல்லித்தானேக்கா சீனியத் தூக்கிப் போட்டோம்!"

கடைசியில் சந்திராபாய் முன் நின்றாள்.

"உன் மேலதான்டி கோவம். அந்த மனுஷன் என்ன பண்ணாரு?" சந்திராபாய் பூட்டை உடைத்துப் பாகு எடுத்துவந்தாள். தணிகாசலம் பிழைத்தார்.

மறுநாள், பூட்டை உடைத்தது குற்றமென்று இன்னொரு புகார் போனது. அந்தக் கையெழுத்துத்தான் தெருவுக்கே பழக்கமாயிற்றே!