எங்க மெஷின்

காலையிலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா. இங்கே ஆபீஸில், எதிரே ஸ்கிரீனில் டெஸ்ட் ஃபெயிலானதைக் காட்டும் சிவப்பு. நோயாளிகளின் நாடித்துடிப்பைக் காட்டும் மானிட்டர்களின் சாஃப்ட்வேரைச் சோதிப்பது அவன் வேலை.

"அலாரம் டெஸ்ட் ஃபெயிலாகுதுப்பா," என்றான் பக்கத்து சீட்டுத் தாடிக்காரன்.

"எந்த மாடல்?"

"சின்னது."

"சின்னதுல அலாரமே கிடையாதேய்யா! முதல்ல இருக்கான்னு பாரு, அப்புறம் அடிக்குதான்னு பாரு. அலாரம் இல்லேன்னா டெஸ்டைத் தாண்டிப் போன்னு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி போடு. எத்தனை தடவை தலையில அடிச்சுக்கிறது?"

எல்லாம் பச்சையானதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அப்பாவின் கட்டிலருகே அவன் கம்பெனி மானிட்டர். பார்த்ததுமே வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றான் மனைவியிடம்.

"கண்ணெடுக்காம பாத்துக்கச் சொல்லியிருக்காங்களே..."

"அட, இது எங்க மெஷின்! ஏதாவதுன்னா கத்தி ஊரைக் கூட்டிடும்."

அவளை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கக் கிளம்பினான். படிக்கட்டில் நர்ஸ் மறித்தாள்.

"அப்பாவைத் தனியா விட்டுட்டு எங்க சார் போறீங்க?"

"அஞ்சே நிமிஷம் சிஸ்டர். அலாரம் அடிச்சா ஓடி வந்துட மாட்டேனா?"

"அலாரமா? அது சின்ன மாடல் சார். அதுக்குத்தானே கண்ணெடுக்காம பாத்துக்கச் சொன்னோம்!"