ஒரு கையால் திறக்கணும்

"ஒரே கையால திறக்க முடியுமாம்மா?"

லேப்டாப் கடையின் விற்பனைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நின்றவர் பஸ் டிரைவர். வந்ததும் முதலில் சொன்னதே அதைத்தான்: "டிரைவர் வேலைம்மா, எனக்கு இதெல்லாம் தெரியாது. படிக்கிற பிள்ளைக்கு வேணும்."

ஒல்லியான லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்து, மூடியை ஒற்றை விரலால் உயர்த்திக் காட்டினாள். அடிப்பாகம் அசையாமல் இருந்தது.

"இன்னொரு கை என்ன பண்ணும் சார்? போன் பாக்குமா?"

டிரைவர் சிரித்தார். "அந்தக் கை சும்மா இருக்காதும்மா. சரி, சத்தம் வருமா?"

"இதுல ஃபேனே கிடையாது சார். ஊசி விழுந்தா கேக்கும்."

"கீயைத் தட்டினா?"

தட்டிக் காட்டினாள். அவர் காதைக் கீபோர்டின் மேலேயே வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "நல்லாருக்கு. இந்த வெளிச்சத்தை இன்னும் குறைக்கலாமா? ரூம் இருட்டாத்தான் இருக்கும்."

இருட்டறை, சத்தமில்லாத கீ, ஒற்றைக் கை. படுத்துக்கொண்டே படிக்கும் சோம்பேறிப் பிள்ளை போலிருக்கிறது என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அப்பா இவ்வளவு செல்லம் கொடுத்தால் எங்கே உருப்படும்?

"உங்க பொண்ணா சார்?"

"எங்க வீட்டுப் பொண்ணுதான். படிப்புல புலி. இருந்த பழைய லேப்டாப் ரெண்டரைக் கிலோ. போட்டா பஸ் கிளம்புற மாதிரி ஒரு இரைச்சல். அதோட மல்லுக்கட்டி ரெண்டு பரீட்சை விட்டுட்டா. அடுத்ததையும் விட்டா வருஷமே போயிடும். போன வாரம், 'படிச்சது போதும்'னு புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுட்டா." அவர் குரல் இறங்கியது. "இது சரிப்பட்டு வரணும்மா. இல்லேன்னா அந்த மூட்டை இறங்காது."

பழைய லேப்டாப்பில் சத்தம் வந்ததற்காகப் படிப்பையே விடுவார்களா? அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அந்த மனிதரின் கவலை பொய்யாகத் தெரியவில்லை.

"கொஞ்சம் நடந்து பாக்கவா?" என்றார்.

"நடந்தா? எதுக்கு சார்?"

"அவ நடந்துக்கிட்டேதான் பாடம் கேப்பா."

லேப்டாப்பைத் திறந்தபடி ஒரு கையில் ஏந்தி, கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்ல நடந்தார். பிரிண்டர் வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆறு நடை நடந்து வந்து, கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"வலிக்கலை. ஒரு கிலோ இருக்குமா?"

"ஒரு கிலோவும் கொஞ்சமும். சார்ஜ் காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் நிக்கும். உள்ளதைச் சொல்லிடறேன், இதுல பெரிய கேம் ஆட முடியாது. சினிமா எடிட்டிங்கும் ஆகாது."

"அவளுக்குப் பாடம் கேக்கணும், எழுதணும், எழுதினதைக் காலேஜுக்கு அனுப்பணும்."

"அதுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை சார்."

"கடவுள் புண்ணியம்." கண்ணை ஒரு கணம் மூடித் திறந்தார். "வெளியிலதான் நிக்கறா. வீண் செலவுன்னு உள்ள வரமாட்டேங்கிறா. கூப்பிடறேன்."

வாசலைப் பார்த்துக் கையசைத்தார். இவ்வளவு பேரைச் சிரிக்க வைத்த அந்த மகாராணியைப் பார்க்க விற்பனைப் பெண்ணும் கழுத்தை நீட்டினாள்.

கண்ணாடிக் கதவை ஒரு தோளால் தள்ளிக்கொண்டு, மறு தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். "எதுக்கு மாமா இதெல்லாம்? உங்க பேத்தி என்னை உக்கார விட்டாத்தானே நான் படிக்கிறது?" என்று கிசுகிசுத்தாள்.

"உக்கார வேண்டாம்மா. நடந்துக்கிட்டே படிக்கலாம், நான் நடந்து பாத்துட்டேன்" என்று லேப்டாப்பை மூடி மருமகள் பக்கம் திருப்பி வைத்தார் மாமனார். குழந்தையை அணைத்த கை அணைத்தபடி இருக்க, மறு கையின் ஒற்றை விரலால் அவள் அதைத் திறந்தாள்.